நேரலைக் குரலும் நியாய விலையும்

தமிழ் முதலில் செவிக்குரிய மொழியாக வாழ்ந்து, பின்னரே கண்ணுக்குரிய மொழியாகவும் ஆயிற்று. பாணர் பாடியதும் புலவர் தம் நூலை அரங்கேற்றியதும் கேட்போர் முன்னிலையிலேதான். ஏடும் அச்சும் வந்த பின்னரும் மேடைப்பேச்சு, பட்டிமன்றம், வானொலி உரை எனக் குரலின் ஆட்சி குன்றவில்லை. அவ்வரிசையில் இந்நூற்றாண்டு சேர்த்திருப்பது வலையொலி. பொதுவழக்கில் 'பாட்காஸ்ட்' எனப்படும் இதன் ஆங்கிலப் பெயர் 2004-ஆம் ஆண்டில்தான் தோன்றியது. இன்று கைபேசி வைத்திருக்கும் எவரும் இதனைக் கேட்கலாம். சிறிது முயன்றால் எவரும் நிகழ்த்தலாம்.

வலையொலி என்பது பதிவு செய்து, செப்பம் செய்து, பின்னர் வெளியிடப்படுவது. நேரலையோ நிகழும்போதே கேட்போரைச் சென்றடைவது. இவ்விரண்டும் இன்று ஒன்றோடொன்று கலந்துவிட்டன. உரையாடலை நேரலையாக நடத்தி, அதன் பதிவையே பின்னர் வலையொலியாக வெளியிடும் முறை பரவியிருக்கிறது. ஆதலின், "நேரலைக்கு எந்த மென்பொருளை வாங்கலாம்? குறைந்த விலையில் எது கிடைக்கும்?" என்னும் வினாவை மாணவர் பலர் எழுப்புகின்றனர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரும்பாலோர் எதனையும் வாங்கத் தேவையில்லை என்பதும், மென்பொருளின் விலையை மாதக் கட்டணத்தால் மட்டும் அளத்தல் கூடாது என்பதும் எம் கருத்து.

வானொலி தந்த பாடம்

குரலைப் பரப்ப விரும்பியோரைச் செலவு தடுத்து நிறுத்திய வரலாறு நம் மண்ணிலேயே உண்டு. 1924-ஆம் ஆண்டில் சென்னையில் ஆர்வலர் சிலர் கூடி, சென்னை மாகாண வானொலி மன்றத்தைத் தோற்றுவித்தனர். அரசின் வானொலி நிலையம் இங்கு எட்டிப் பார்க்காத காலம் அது. அவ்வாண்டிலேயே அம்மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆயினும் பொருள்முடை காரணமாக 1927-ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று. மன்றத்தினர் தம் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். மாநகராட்சி 1930-ஆம் ஆண்டில் அதனைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938-இல்தான்.

இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகள் நோக்கத்தக்கன. ஆர்வம் மிகுந்திருந்தும் தொடர்செலவைத் தாங்க இயலாமையால் முயற்சி நின்றது என்பது ஒன்று. கருவி அவர்களுக்கே உரியதாக இருந்தமையால், அவர்கள் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர முடிந்தது என்பது மற்றொன்று. மாத வாடகைக்கு எடுத்த கருவியாக இருந்திருப்பின், கட்டணம் நின்ற அன்றே அதுவும் கைவிட்டுப் போயிருக்கும். இன்று மென்பொருளைத் தேர்வோர் இவ்விரண்டு உண்மைகளையும் உளங்கொளல் வேண்டும்.

நேரலை வேண்டுமா?

மென்பொருளைப் பற்றிப் பேசுமுன், நேரலை வேண்டுமா என்னும் வினாவுக்கு விடை காணல் முறை. கேட்போர் இடையே வினாத் தொடுக்கவும் நிகழ்த்துவோர் அப்பொழுதே விடை பகரவும் வாய்ப்புள்ள நிகழ்ச்சிக்கு நேரலை உயிரூட்டும். பட்டிமன்றம், கவியரங்கம், நூல் வெளியீடு, தேர்வுக்கான ஐயந்தெளிதல் ஆகியன இவ்வகையின. ஒரு நூலைப் பற்றிய தனியுரைக்கும், முதியவர் ஒருவரின் வாழ்க்கை நினைவுகளைப் பதியும் நேர்காணலுக்கும் நேரலையால் பயன் மிகுதியாக இல்லை. முதியவர் தயங்கி நிற்கும் இடங்களை நேரலை பொறுத்துக்கொள்ளாது, பதிவு பொறுத்துக்கொள்ளும். இத்தகைய பணிக்கு ஆடாசிட்டி போன்ற கட்டணமில்லா ஒலிப்பதிவு மென்பொருளே போதுமானது.

அடுத்துக் கேட்க வேண்டியது, படம் வேண்டுமா என்பது. வலையொலியின் தனிச்சிறப்பே குரல். முகம் காட்ட விரும்பாத மாணவியரும், மேடைக்கூச்சம் உடையோரும், வீட்டிலிருந்தே பேச விரும்பும் பெண்மணிகளும் தயக்கமின்றிப் பங்கு கொள்ளும் அரங்கு அது. படம் இல்லையேல் நிகழ்ச்சி இல்லை என்னும் நிலையை நாமே உண்டாக்கினால், இத்தகையோரை வாயிற்படியிலேயே நிறுத்தியவர்களாவோம். யூடியூப் போன்ற தளங்கள் படத்தை எதிர்பார்ப்பவை எனினும், நிகழ்ச்சியின் பெயர் பொறித்த அசையாப் படம் ஒன்றை வைத்துக் குரலை மட்டும் ஒலிபரப்பத் தடையேதும் இல்லை.

கட்டணமில்லாக் கருவி

நேரலை தேவை என முடிவு செய்வோர் முதலில் கருத வேண்டியது ஓ.பி.எஸ். ஸ்டூடியோ. திறந்த ஒலிபரப்பு மென்பொருள் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கமே ஓ.பி.எஸ். என்பது. ஹியூ பெய்லி என்னும் நிரலாளர் 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பணி, இன்று தன்னார்வலர் பலரின் கூட்டுழைப்பாலும் நன்கொடைகளாலும் வளர்ந்து வருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் இயங்கும். கட்டணம் இல்லை, கால வரையறை இல்லை, நம் நிகழ்ச்சியின் மேல் தன் முத்திரையைப் பதிப்பதும் இல்லை. நிரல் எல்லார்க்கும் திறந்திருத்தலின், எந்த ஒரு நிறுவனமும் இதனை விலைக்கு வாங்கிப் பூட்டிவைத்துவிட இயலாது.

வலையொலியாளர்க்கு இதில் பயன்படும் கூறுகள் சில உள. பின்னணி இரைச்சலைக் குறைக்கவும், ஏறி இறங்கும் குரலைச் சமன்படுத்தவும் வடிகட்டிகள் இதனுள்ளேயே அமைந்துள்ளன. ஆறு ஒலித்தடங்கள் வரை தனித்தனியே பதிவு செய்யலாம். நிகழ்த்துவோர் குரல் ஒரு தடத்திலும் விருந்தினர் குரல் மற்றொரு தடத்திலும் இருப்பின், பின்னர்ச் செப்பம் செய்தல் எளிது. நேரலை சென்றுகொண்டிருக்கும்போதே தரமான பதிவொன்று நம் கணினியிலும் சேரும். அப்பதிவை எம்.கே.வி. வடிவில் வைத்துக்கொள்வது நன்று. இடையே மின்சாரம் நின்றாலும் அதுவரை பதிந்தது கெடாமல் இருக்கும், வழக்கமான எம்.பி.4 வடிவில் அந்த உறுதி இல்லை. மின்தடை பழகிப்போன நமக்கு இது சிறு செய்தியன்று.

ஓ.பி.எஸ்.-இன் நிரலை அடிப்படையாகக் கொண்டு ஸ்ட்ரீம்லேப்ஸ் நிறுவனமும் ஒரு மென்பொருளை உருவாக்கியது. திறந்த நிரலைப் பயன்படுத்த அதற்கு உரிமை உண்டு. ஆனால் ஓ.பி.எஸ். என்னும் பெயரையும் அது தன் மென்பொருளுக்குச் சூட்டிக்கொண்டது. பெயரைப் பயன்படுத்த வேண்டா எனத் தாம் முன்னரே கேட்டுக்கொண்டதாக ஓ.பி.எஸ். குழுவினர் 2021-ஆம் ஆண்டில் வெளிப்படையாக அறிவித்தனர். அதன் பின்னர் அந்நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் ஒத்திருப்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் கட்டணம் செலுத்திவிடலாகாது.

விருந்தினர் தொலைவில் இருந்தால்

ஓ.பி.எஸ்.-இல் குறையும் உண்டு. தொலைவில் உள்ள விருந்தினரை அழைத்து இணைக்கும் வசதி அதனிடம் இல்லை. இங்குதான் கட்டணச் செயலிகள் முன்வந்து நிற்கின்றன. ஸ்ட்ரீம்யார்டு போன்றவை உலவியிலேயே இயங்குவன. விருந்தினர்க்கு ஓர் இணைப்பை அனுப்பினால் போதும்; அவர் அதனைச் சொடுக்கி உள்ளே வந்துவிடலாம். கணினிப் பழக்கம் இல்லாத பெரியவர்களை அழைக்கும்போது இவ்வெளிமை பெரிதும் கைகொடுக்கும். ரிவர்சைடு போன்றவை ஒவ்வொருவர் குரலையும் அவரவர் கருவியிலேயே பதிந்து, பின்னர் ஒருங்கே சேர்க்கின்றன. ஆகவே இணைய இணைப்பு இடையே தடுமாறினாலும் பதிவு தெளிவாக அமையும். ரீஸ்ட்ரீம் என்பது ஒரே நிகழ்ச்சியைப் பல தளங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்ப உதவுவது. இவற்றின் இலவசத் திட்டங்களில் நிறுவன முத்திரை, நேர வரம்பு, பதிவு வரம்பு போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. ஜூம் செயலியின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். யூடியூபுக்கு நேரலையாக அனுப்பும் வசதி அதன் கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும்.

இதற்கும் கட்டணமில்லா வழி உண்டு. வி.டி.ஓ. நிஞ்சா என்னும் கருவி, விருந்தினரின் குரலையும் படத்தையும் உலவி வழியாக நேரே ஓ.பி.எஸ்.-க்குள் கொண்டுவந்து சேர்க்கும். ஒருவர் இருவர் வரை இது நன்கு பயன்படும். விருந்தினர் எண்ணிக்கை பெருகப் பெருக நம் இணைப்பின் மேல் சுமை ஏறும். ஜிட்சி மீட் என்பதும் திறந்த நிரல் உடைய உரையாடல் செயலியே. எதனைப் பயன்படுத்தினும் விருந்தினர் காதணி ஒலிபெருக்கியை அணிந்துகொள்ளல் வேண்டும். அதனை மறந்தால் எதிரொலி எழுந்து, எவ்வளவு விலையுள்ள மென்பொருளையும் பயனற்றதாக்கிவிடும்.

கண்ணுக்குப் புலப்படாச் செலவு

கட்டணச் செயலிகளின் விலை பெரும்பாலும் டாலரில் குறிக்கப்படுகிறது. அதனைச் செலுத்த, அயல்நாட்டுப் பரிமாற்றத்துக்கு இசைவு பெற்ற வங்கி அட்டை வேண்டும். விலையின் மேல் வரியும் சேரக்கூடும். மாணவர் பலரிடம் அத்தகைய அட்டையே இராது. மாதக் கட்டணம் சிறிதாகத் தோன்றினும், ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்க்கும்போதுதான் உண்மையான விலை புலப்படும்.

இணையத் தரவும் செலவே. ஒரு கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் ஒலியை மட்டும் அனுப்பினால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகும். பேச்சுக்கு 64 கிலோபிட் போதும் எனக் கொண்டால் அது 29 மெகாபைட்டாகக் குறையும். நொடிக்கு 2,500 கிலோபிட் அளவில் படத்துடன் அனுப்பினால், அதே ஒரு மணி நேரத்துக்கு 1,125 மெகாபைட் செலவாகும். படத்துடன் கூடிய நிகழ்ச்சி நடத்துவோர்க்கும் கேட்போர்க்கும் இருபது மடங்குச் செலவை உண்டாக்குகிறது என்பது இதனால் விளங்கும். சிற்றூரில் ஒரு நாளுக்கான தரவை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

ஒலியை மட்டுமே நேரலையாக அனுப்ப விரும்புவோர்க்கு ஐஸ்காஸ்ட் என்னும் திறந்த நிரல் வழங்கி மென்பொருள் உள்ளது. மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. அது இயங்குவதற்குரிய வழங்கிக்கணினி வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் 64 கிலோபிட் அளவில் கேட்பதாயின், அவ்வழங்கி நொடிக்கு 6.4 மெகாபிட் அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு கல்லூரி அல்லது ஒரு சங்கம் தாங்கக்கூடிய அளவே இது. தனி மாணவர்க்கு இது சுமை. பலர் கூடிச் செய்தால் எளிது.

குரல் யாருடைய உடைமை?

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நாடி. நேரலையில் பேசிய பேச்சு நிகழ்ச்சி முடிந்த பின் எங்கே இருக்கிறது? அடுத்த ஆண்டு தேடினால் கிடைக்குமா?

அண்மைக்கால வரலாறு நமக்கு எச்சரிக்கை விடுக்கிறது. பெரிஸ்கோப் என்னும் நேரலைச் செயலி 2021-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் நேரலைச் செயலி 2023-இல் நிறுத்தப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் நின்றது. எத்தனையோ வலையொலியாளர் தொலைதூர விருந்தினரோடு உரையாடப் பயன்படுத்திய ஸ்கைப் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் விடைபெற்றது. அதே ஆண்டு பிப்ரவரி முதல், ஃபேஸ்புக்கில் செய்யும் புதிய நேரலைப் பதிவுகள் 30 நாள்களுக்கு மேல் அங்குத் தங்குவதில்லை. ஸ்ட்ரீம்யார்டும் 2021-இல் ஹோப்பின் என்னும் நிறுவனத்தின் கைக்குப் போய், 2024-இல் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்னும் இத்தாலிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. இவற்றுள் எதுவும் அற்பமான நிறுவனத்தின் படைப்பன்று. பெரிய நிறுவனம் நடத்துவது நிலைத்திருக்கும் என்னும் நம்பிக்கைக்கு இடமில்லை என்பதையே இவை காட்டுகின்றன.

நம் ஊர்களில் கடல் வாணிகத்தையும் கைத்தொழிலையும் வட்டார வழக்குகளையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களுள் ஒருவரின் பேச்சை நேரலையில் கேட்டு மகிழ்ந்து, பதிவை ஒரு தளத்தின் பொறுப்பில் மட்டும் விட்டுவிட்டு, முப்பது நாளில் இழந்துவிடுவோமாயின், அவ்விழப்பை எந்தப் பணத்தாலும் ஈடுசெய்ய இயலாது. எனவே மூன்று காப்புகள் வேண்டும். மூலப்பதிவு நம் கணினியில் இருத்தல் வேண்டும். அதன் படி மற்றொரு வன்தட்டில் இருத்தல் வேண்டும். வலையொலியாக வெளியிடும்போது அதற்குரிய ஆர்.எஸ்.எஸ். ஓடையை, வேண்டும்போது வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை நம்மிடம் இருத்தல் வேண்டும். இம்மூன்றுக்கும் இடம் தரும் மென்பொருளே மலிவான மென்பொருள். இடம் தராதது இலவசமாகக் கிடைப்பினும் விலை மிகுந்ததே.

மாற்றுக் கருத்துகள்

"ஓ.பி.எஸ். கற்பதற்குக் கடினம், நேரமும் பணந்தானே" என்பார் உளர். இக்கூற்றில் உண்மை உண்டு. முதன்முறை திறப்போரை அதன் முகப்பு மருட்டவே செய்யும். ஆயினும் 'காட்சி', 'மூலம்' என்னும் இரண்டு கருத்துகளைப் புரிந்துகொண்டால் எஞ்சியவை பழக்கத்தால் வந்துவிடும். மூத்த மாணவர் இளைய மாணவர்க்கு ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். அவ்வாறு கற்ற திறன் அவரோடு நிற்கும்; வேலை வாய்ப்புக்கும் துணை செய்யும். வாடகைச் செயலியைப் பழகியவரோ, அதன் கட்டணம் உயர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவராவார். இருப்பினும் வாரந்தோறும் வெவ்வேறு வெளியூர் விருந்தினரை அழைப்பவர், உதவிக்கு ஆள் இல்லாதவர், நிகழ்ச்சியால் வருவாய் ஈட்டுபவர் ஆகியோர் கட்டணச் செயலியை நாடுதல் தவறன்று. அவர்களும் தொடர் நிகழ்ச்சி நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, விடுமுறை மாதங்களில் நிறுத்திவிடலாம்.

"விலையுள்ள மென்பொருளின் பூட்டை உடைத்த படி கிடைக்கிறதே, அதனைப் பயன்படுத்தினால் என்ன?" என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. பிறர் உழைப்பைக் களவாடுதல் அறமன்று என்பதே முதல் விடை. அத்தகைய படிகளோடு கணினிக்குக் கேடு செய்யும் நிரல்களும் சேர்ந்து வரக்கூடும் என்பது இரண்டாவது. நேர்மையாகவும் கட்டணமின்றியும் கிடைக்கும் கருவி கண்முன்னே இருக்க, களவுக்கு என்ன தேவை?

"நல்ல அரங்கு இல்லாமல் நல்ல நிகழ்ச்சி எவ்வாறு அமையும்?" என்பதும் ஒரு வினா. அமெரிக்காவில் லியோ லபோர்ட் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய ட்விட் வலையொலி நிறுவனம், தன் நிகழ்ச்சிகளை நேரலையாகவும் வழங்கிப் புகழ் பெற்றது. பெட்டலுமா நகரில் இருந்த தன் நிகழ்ச்சிக்கூடத்தை 2024-ஆம் ஆண்டில் மூடிவிட்டது. லபோர்ட் தம் வீட்டிலிருந்தே நிகழ்ச்சிகளைத் தொடர்கிறார். கட்டடம் போன பின்னும் குரல் நிற்கிறது என்பதற்கு இது சான்று.

செலவிட வேண்டிய இடம்

மென்பொருளில் மிச்சம் பிடித்த பணத்தை எங்கே செலவிடலாம்? முதலில் ஒலிவாங்கி. படம் மங்கலாக இருப்பினும் கேட்போர் பொறுப்பர்; குரல் தெளிவின்றி இருப்பின் எழுந்து போய்விடுவர். அறையின் எதிரொலியை மிகுதியாக ஈர்க்காத டைனமிக் வகை ஒலிவாங்கி, வகுப்பறை போன்ற இடங்களுக்கு ஏற்றது. அடுத்து, மின்தடையின்போது கணினியையும் இணையக் கருவியையும் இயக்கும் மின்சேமிப்பு அமைப்பு. மூன்றாவது, பதிவுகளைக் காக்கும் வன்தட்டு. இம்மூன்றும் ஒருமுறை வாங்கினால் பல்லாண்டு பயன் தருவன.

முன்னேற்பாடும் செலவில்லாச் சேமிப்பே. யூடியூப் கணக்கில் நேரலை வசதியை முதன்முறை இயக்கும்போது 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம். கைபேசியிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். 2025 சூலை முதல் 16 அகவைக்குக் குறைந்தோர் தனியே நேரலை செய்ய இயலாது. விழா நாளன்று காலையில் தொடங்கி மாலையில் நடத்திவிடலாம் என எண்ணுவோர் ஏமாற்றம் அடைவர். பதிவேற்ற வேகத்தை முன்னரே அளந்து, அதில் பாதியளவில் நேரலையை அமைத்துக்கொள்வதும், முதல் நாளே ஒத்திகை பார்ப்பதும் அறிவுடைமை.

முடிவுரை

மென்பொருள்கள் வரும், போகும், விலையும் ஏறி இறங்கும். அவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் ஆவது ஒன்றுமில்லை. நேரலை தேவையா, விருந்தினர் எங்கே இருக்கிறார், கேட்போரின் தரவுச் செலவு எவ்வளவு, பதிவு யார் கையில் தங்குகிறது என்னும் நான்கு வினாக்களை எந்த மென்பொருளிடமும் கேட்கலாம். விடை நிறைவளிப்பின் ஏற்கலாம், இல்லையேல் ஒதுக்கலாம்.

கல்லூரித் தமிழ்த் துறைகள் தோறும் மாணவரே நடத்தும் வலையொலி மன்றம் ஒன்று அமைய வேண்டும் என்பது எம் விருப்பம். ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, கட்டணமில்லா மென்பொருள், கற்பிக்க மனமுள்ள மூத்த மாணவர் இருவர் இருந்தால் போதும். ஆசிரியர் நெறிப்படுத்தட்டும், ஊர்ப்பெரியோர் ஒலிவாங்கிக்கும் வன்தட்டுக்கும் உதவட்டும், தம் நினைவுகளைப் பேசவும் முன்வரட்டும். 1924-ஆம் ஆண்டின் ஆர்வலர்க்குப் பொருள் இல்லாமையால் குரல் நின்றது. இன்று அக்காரணத்தைக் கூறி நாம் வாளாவிருக்க இயலாது. பேச வேண்டியதைத் தேர்ந்து, பேசியதைக் காத்து வைக்கும் பொறுப்பு நம்முடையது.